புரத வடிவம் கண்ட பேரறிஞர்

சேலம் மாநகரின் வடகிழக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்திருப்பது ஏற்காடு என்னும் எழில்மிகு ஊர். காப்பித் தோட்டங்களும், மரங்களைத் தழுவிப் படரும் மிளகுக் கொடிகளும், காலையில் கவிந்து கதிரவன் வரவால் கலையும் பனிமூட்டமும் காண்பார் கண்ணுக்கு விருந்தாவன. சேலத்தினின்று அவ்வூருக்கு ஏறிச் செல்லும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் நின்று நோக்குவார்க்கு அப்பாதை மனம்போனபடியெல்லாம் வளைந்து செல்வதுபோலத் தோன்றும். உண்மை அஃதன்று. ஒருபால் செங்குத்தான பாறை. மற்றொருபால் ஆழ்ந்த பள்ளம். இவ்விரண்டிற்கும் இடையே பாதை வளைவதற்கு இடந்தரும் இடங்கள் மிகச் சில. இடந்தாரா இடங்கள் மிகப் பல. பாதை அமைத்தோர் இடந்தரும் இடங்களைத் தேர்ந்தறிந்தே அதனை வளைத்துச் சென்றனர்.

நம் உடம்பினுள்ளும் இத்தகைய வளைவுப் பாதைகள் எண்ணிறந்தன உள்ளன. அவையே புரதங்கள் எனப்படும் நுண்பொருள்களின் சங்கிலிகள். தோலும் தசையும் குருதியும் இயங்குவது அவற்றால். அச்சங்கிலி எவ்வெவ்வாறு வளையலாம், எவ்வெவ்வாறு வளையலாகாது என்பதைக் கணக்கிட்டுப் படமாக வரைந்து உலகிற்கு அளித்தவர் ஒரு தமிழர். அவரே ஜி. என். இராமச்சந்திரன் ஆவார். உயிர் இயற்பியலிலும் மூலக்கூற்று உயிரியலிலும் முதுநிலைப் பட்டம் பெறப் பயிலும் மாணவர், இன்று எந்நாட்டினராயினும், அவர் பெயரால் வழங்கும் அப்படத்தைக் கற்றே தீர்தல் வேண்டும். ஆயின், இராமச்சந்திரன் மாணவராக இருந்த காலத்தில் அத்தகைய பட்டப்படிப்பு அவர் முன் இருக்கவில்லை. ஒருவரும் கற்பியாத கலையை அவர் எங்ஙனம் கற்றார், பிறர் கற்கும் கலையாக அதனை எங்ஙனம் ஆக்கினார் என்பதே அவரது வாழ்க்கை வரலாறு.

இராமச்சந்திரனின் முன்னோர் திருநெல்வேலியை அடுத்த கோபாலசமுத்திரம் என்னும் ஊரினர். அவர்தம் தந்தையார் நாராயணய்யர் எர்ணாகுளத்தில் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். அங்கு 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் இராமச்சந்திரன் பிறந்தார். கணிதம் அவருக்குத் தந்தைவழி வந்த செல்வம். பிற சிறுவர் விளையாட்டில் பெறும் இன்பத்தை அவர் கணக்குகளின் விடை காண்பதில் பெற்றார். பிற்காலத்தில் அவர் எத்துறையில் புகுந்தாலும் அத்துறையில் அவர் கைக்கொண்ட கருவி கணிதமே என்பதை நாம் மறத்தலாகாது.

பள்ளிப் படிப்பை முடித்தபின் திருச்சிராப்பள்ளியிலுள்ள புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து இயற்பியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 1942ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தை அடைந்தார். அங்கு அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அந்நிறுவனத்தில் அந்நாளில் இயற்பியல் பேராசிரியராக வீற்றிருந்தவர், 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற சர். சி. வி. இராமன் ஆவார். காந்தம் இரும்பை ஈர்ப்பதுபோல இராமனின் துறை இளைஞரை ஈர்த்தது. மின்பொறியியலை விடுத்து அவர் இயற்பியலுக்கு வந்துவிட்டார். மாணவரின் அறிவுத்திறனை ஒரு நோக்கில் அளந்தறிய வல்லவரான இராமனும் அவரை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்.

ஒளியியலும் படிகவியலும் இராமச்சந்திரன் அங்குக் கற்ற துறைகள். படிகம் என்பது அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பெற்ற பொருள். எக்ஸ் கதிர்களை அதன்மேல் வீழ்த்தினால் அவை சிதறிப் படத்தாளில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் வலிமையையும் கொண்டு, கண்ணுக்குப் புலனாகா அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பெற்றுள்ளன என்று கணித்தறியலாம். வைரம் முதலிய பொருள்களை இவ்வாறு ஆராய்ந்து, பெங்களூரில் செய்த ஆய்வுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டத்தை 1944ஆம் ஆண்டிலும், அறிவியற் பேரறிஞர் பட்டத்தை 1947ஆம் ஆண்டிலும் அவர் பெற்றார். அப்பொழுது அவருக்கு அகவை 25கூட நிரம்பவில்லை.

பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டாண்டுகள் பயின்று 1949ஆம் ஆண்டில் மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வுக்கூடத்தில் அக்காலத்தில் ஒரு புதுமை அரும்பிக்கொண்டிருந்தது. உப்பையும் வைரத்தையும் ஆராய்ந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டே உயிர்ப்பொருள்களையும் ஆராயலாம் என்று அறிஞர் சிலர் துணிந்திருந்தனர். குருதியிலுள்ள புரதத்தின் வடிவைக் காண அவர்கள் அல்லும் பகலும் முயன்றுகொண்டிருந்தனர். இராமச்சந்திரன் அம்முயற்சியில் அன்று கலந்துகொள்ளவில்லை. ஆயினும் அவர் உள்ளத்தில் ஒரு வித்து விழுந்தது எனலாம்.

தாயகம் திரும்பி மூன்றாண்டுகள் பெங்களூரில் பணியாற்றினார். 1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறையைப் புதிதாக நிறுவ விரும்பிய அவர் தக்க தலைவரைத் தேடினார். இராமன் தம் மாணவராகிய இராமச்சந்திரனின் பெயரைப் பரிந்துரைத்தார். முப்பது அகவை நிரம்பும் பருவத்தில் இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் சென்னைக்கு வந்தார்.

துறை புதிது, கருவிகள் குறைவு, மாணவரும் சிலரே. எதனை ஆராய்வது என்னும் வினா அவர்முன் எழுந்தது. மேனாடுகளில் பெரும்பொருள் செலவிட்டு நடைபெறும் ஆய்வுகளின் பின்னே தொடர்ந்து செல்வதில் அவருக்கு விருப்பமில்லை. அச்சமயம் சென்னைக்கு வந்த பெர்னால் என்னும் ஆங்கில அறிஞரோடு உரையாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கொலாஜென் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் உள்ளவாறு அறியப்படவில்லை என்பதை அவ்வுரையாடலால் இராமச்சந்திரன் உணர்ந்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜென். விலங்கின் உடம்பிலுள்ள புரதங்களுள் மிகுதியாக உள்ளதும் அதுவே. தோலைப் பதனிடுவோர்க்கு அது பழகிய பொருள். அறிஞர்க்கோ அது விளங்காப் புதிர்.

இயற்பியலறிஞராகிய அவர் அன்று முதல் உயிரியலின் மாணவரானார். வேதியியல் நூல்களைப் பயின்றார். உயிர்ப்பொருள்களின் இயல்பைத் தேடித் தேடிக் கற்றார். சென்னையிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியை நாடினார். கங்காரு என்னும் விலங்கின் வாலிலுள்ள தசைநாணினின்று எடுத்த கொலாஜென் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அவருக்குத் துணையாயினார்.

புரதச் சங்கிலியின் கண்ணிகள் அமினோ அமிலங்கள் எனப்படும். அவை 20 வகைப்படும். அவற்றுள் மிகச் சிறியது கிளைசின். கொலாஜெனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக இருப்பதை வேதியியலார் முன்னரே கண்டிருந்தனர். ஏன் மூன்றில் ஒரு பங்கு? இவ்வினாவை இராமச்சந்திரன் விடாது பற்றிக்கொண்டார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிக் கயிற்றின் புரிகள்போல முறுக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். அக்கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறுகியதாதலின் மூன்றுக்கு ஒருமுறை அங்கு வந்து பொருந்தும் கண்ணி மிகச் சிறிய கிளைசினாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1954ஆம் ஆண்டில் இம்முப்புரி வடிவம் இலண்டனில் வெளியாகும் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டில் அதனைச் செப்பஞ்செய்து மீண்டும் வெளியிட்டனர்.

புகழோடு எதிர்ப்பும் உடன் வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ரிச், கிரிக் என்னும் இருவர் 1955ஆம் ஆண்டில் வேறொரு வடிவத்தை வெளியிட்டனர். கிரிக் என்பார், மரபுப்பொருளின் இருபுரி வடிவத்தை 1953ஆம் ஆண்டில் வாட்சனோடு கண்டறிந்து உலகப் புகழ் எய்தியவர். மூன்று சங்கிலிகள் என்னும் அடிப்படையை அவர்கள் மறுத்திலர். ஆனால், சென்னை வடிவத்தில் சில அணுக்கள் தமக்குள் அளவு கடந்து நெருங்கியுள்ளன என்றும், சங்கிலிகளைப் பிணைக்கும் நீரியப் பிணைப்புகள் மும்மூன்று கண்ணிகளுக்கு இரண்டாக இருத்தல் இயலாது, ஒன்றே இருக்கும் என்றும் குறை கூறினர். பெரும்புகழ் வாய்ந்தோர் கூறிய குறை. பெரிய ஆய்வுக்கூடத்தினின்று எழுந்த மறுப்பு. சென்னையில் ஒரு சிறு துறையை அப்பொழுதுதான் தொடங்கி நடத்திவந்த இளம் பேராசிரியருக்கு இது நெருக்கடியான நிலை.

இத்தகைய நிலையில் சிலர் சினங்கொண்டு சொற்போரில் இறங்குவர். சிலர் உளமுடைந்து துறையையே விட்டு நீங்குவர். இராமச்சந்திரனுக்கு மனவருத்தம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் அக்குறையையே ஒரு வினாவாக மாற்றிக்கொண்டார். அணுக்கள் அளவு கடந்து நெருங்கியுள்ளன என்றால் அந்த அளவுதான் யாது? ஒன்றோடொன்று பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எத்துணை அருகில் வரலாம்? இதற்கு முடிந்த விடையை அதுகாறும் ஒருவரும் வகுத்திருக்கவில்லை. வி. சசிசேகரன் என்னும் மாணவரோடு அவர் பல நாட்டு அறிஞர்கள் வெளியிட்டிருந்த படிக வடிவங்களையெல்லாம் தேடித் தொகுத்தார். ஒவ்வோரிணை அணுவுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறித்து, பொதுவாக எய்தும் எல்லை இது, அருகிச் சில இடங்களில் எய்தும் எல்லை இது என்று அட்டவணை வகுத்தார்.

அட்டவணை முடிந்தவுடன் அதனினும் பெரிய வினா ஒன்று தோன்றியது. இவ்வளவுகோல் கொலாஜெனுக்கு மட்டுமா உரியது? எல்லாப் புரதங்களுக்கும் உரியதன்றோ? இவ்விடத்தில் புரதச் சங்கிலியின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். இரண்டு கண்ணிகளை இணைக்கும் பகுதி பலகைபோலத் தட்டையானது, எளிதில் முறுகாதது. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே ஒரு கரி அணு நிற்கும். அவ்வணுவின் இருபுறத்திலும் உள்ள பிணைப்புகளைச் சுற்றியே பலகைகள் திரும்ப இயலும். ஆகவே ஒவ்வொரு கரி அணுவினிடத்தும் இரண்டு கோணங்களை அறிந்தால் போதும்; சங்கிலி அங்கு எவ்வாறு திரும்புகிறது என்பது விளங்கிவிடும். பை, சை என்னும் கிரேக்க எழுத்துகள் அக்கோணங்களின் பெயர்களாக வழங்குகின்றன.

இராமச்சந்திரன் ஒரு சதுரம் வரைந்தார். குறுக்கே ஒரு கோணம். நெடுக்கே மற்றொரு கோணம். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலியின் ஒரு திருப்பத்தைக் குறிக்கும். அத்திருப்பத்தில் யாதேனும் இரண்டு அணுக்கள் தம் எல்லையை மீறி நெருங்குமாயின் அப்புள்ளி விலக்கத்தக்கது. நெருங்காவிடின் அது கொள்ளத்தக்கது. சொல்லுதற்கு இஃது எளிது, செய்தற்கோ அரிது. இக்காலத்துக் கணிப்பொறிகள் அன்று அவர்கள் கையில் இல்லை. சி. இராமகிருஷ்ணன் என்னும் மாணவர் மேசைமேல் வைத்து இயக்கும் சிறு கணக்குப் பொறியின் துணைகொண்டு புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டார். ஒன்று பிழைப்பின் மீண்டும் தொடங்குதல் வேண்டும். ஆயினும் அவர்கள் சலித்தாரல்லர்.

கணக்கு முடிந்தபோது வியத்தகு காட்சி புலனாயிற்று. சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட பகுதியாக வெறுமையாய்க் கிடந்தது. கொள்ளத்தக்க இடங்கள் சில தீவுகள்போலச் சிறு பகுதிகளாகவே அமைந்தன. பாலிங் முதலிய அறிஞர் முன்னர்க் கண்டிருந்த சுருள் வடிவமும் மடிப்புத் தகட்டு வடிவமும் அத்தீவுகளினுள்ளேயே பொருந்தி நின்றன. சேர்வராயன் மலைப்பாதை வளைவதற்கு இடந்தரும் இடங்கள் சிலவே ஆனாற்போல, புரதச் சங்கிலி வளைவதற்கும் இயற்கை சில வழிகளையே திறந்துவைத்துள்ளது என்பது தெளிவாயிற்று. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவர் பெயராலும் இக்கட்டுரை 1963ஆம் ஆண்டில் மூலக்கூற்று உயிரியல் ஆய்விதழில் வெளிவந்தது. அது சில பக்கங்களே கொண்ட சிறு கட்டுரை. பின்னர்ப் பல நாட்டினர் புதிய புதிய புரதங்களின் வடிவங்களைக் கண்டபோது, அவற்றின் கோணங்கள் பெரும்பாலும் சென்னையில் வரைந்த அத்தீவுகளினுள்ளேயே வந்து வீழ்ந்தன. கிளைசின் மட்டும் சிறியதாதலின் அதற்குப் பரந்த இடம் கிடைத்தது. இன்று ஒருவர் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகக் கூறின், அது செவ்விதா என்று சோதிக்கும் உரைகற்களுள் ஒன்றாக இராமச்சந்திரன் படம் விளங்குகிறது.

கொலாஜெனைப்பற்றிய வழக்கு எவ்வாறு முடிந்தது? நீரியப் பிணைப்பின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜ் அறிஞர் கூறியதே பிற்காலத்தில் ஏற்கப்பட்டது. முப்புரி வடிவமும், கிளைசினின் இடமும் இராமச்சந்திரன் கண்டவாறே நிலைபெற்றன. ஒரு பகுதியில் பிழைத்தும், மற்றொரு பகுதியில் வென்றும், பிழையை ஆராய்ந்ததனால் இரண்டினும் பெரிய உண்மையைக் கண்டும் அவர் சிறப்புற்றார். குறை கூறியவர் இலராயின் அப்படமும் பிறந்திராது.

அவர் தாம் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொண்டாரல்லர். சென்னைத் துறையைப் படிகவியலுக்கும் உயிர் இயற்பியலுக்கும் உரிய உயர்நிலை மையமாக வளர்த்தார். 1963, 1967 ஆகிய ஆண்டுகளில் உலக அறிஞர்களை அழைத்துச் சென்னையில் மாநாடுகள் கூட்டினார். முன்னர்க் கேம்பிரிட்ஜுக்குச் சென்று கற்ற நிலை மாறி, அங்குள்ளோரும் சென்னையை நோக்கும் நிலை உண்டாயிற்று. 1971ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியலுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை நிறுவினார். இயற்பியல் கற்றோர் உயிரியலையும், உயிரியல் கற்றோர் கணிதத்தையும் அஞ்சாது அணுகுதற்கு இவ்விரு நிலையங்களும் வாயில்களாயின.

அதே 1971ஆம் ஆண்டில் ஏ. வி. இலட்சுமிநாராயணன் என்னும் மாணவரோடு அவர் மற்றுமொரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எக்ஸ் கதிரால் படம்பிடித்து, அப்படங்களை இணைத்து அதன் உள்ளுருவத்தை விரைவாகக் கணித்தறியும் முறை அதிற் கூறப்பட்டது. நோயாளியின் உடம்பை அறுக்காமலே உட்புறத்தைக் காட்டும் மருத்துவப் படக் கருவிகளில் அம்முறை பெரிதும் பயன்பட்டது. சிறுவயதில் தந்தையாரிடம் பெற்ற கணிதச் செல்வம் இவ்வாறு எண்ணற்ற நோயாளிகளுக்குப் பயன்படும் பொதுச் செல்வமாயிற்று.

1961ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசும், 1977ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் சிறப்பும், 1999ஆம் ஆண்டில் படிகவியலுக்குரிய எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. நோபெல் பரிசு பெறும் தகுதி அவருக்கு உண்டு என்று அறிஞர் பலர் கருதினர். அப்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. இசையிலும் இந்தியத் தத்துவத்திலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பிற்காலத்தில் அளவை நூலைக் கணித முறையால் விளக்கவும் முற்பட்டார். முதுமையில் நோய் அவரைப் பற்றியது. பல்லாண்டுகள் உடனிருந்து பேணிய துணைவியார் இராசலட்சுமி அம்மையார் 1998ஆம் ஆண்டில் மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 7ஆம் நாள் சென்னையில் இராமச்சந்திரனும் இயற்கை எய்தினார்.

மலைப்பாதை அமையாத காலத்தில் ஏற்காட்டுக்கு ஏறியவர்கள் கால்நடையாகவும் குதிரைமீதும் காடும் மேடும் கடந்து அல்லலுற்று ஏறினர். இன்று ஏறுவோர்க்கு அவ்வல்லல் இல்லை. முன்னோர் வகுத்த வழி கண்முன் கிடக்கிறது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இயற்பியல் வகுப்பில் முதுநிலைப் பட்டத்திற்குப் பயிலும் மாணவரும் அத்தகையோரே. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்னும் நான்கினையும் ஒருங்கே கற்க அவர்களுக்கு இன்று பாடத்திட்டம் உண்டு, ஆசிரியர் உண்டு, நூல்கள் உண்டு. இவை ஒன்றும் இல்லாத காலத்தில் ஒருவர் பேராசிரியர் பதவியில் இருந்துகொண்டே மீண்டும் மாணவராகி, தெரியாத துறையில் புகுந்து, பிறர் கூறிய குறையைப் படிக்கல்லாக்கி அவ்வழியை வகுத்தார். வகுத்த வழியிற் செல்லுதல் எளிது. அவ்வழி முடியும் இடத்தில் அஞ்சி நின்றுவிடாது மேலும் ஓரடி எடுத்து வைத்தலே கற்றவர் கடன். இராமச்சந்திரனின் வாழ்க்கை மாணவ உலகிற்கு அறிவுறுத்துவது இதுவே.